மிஸாக்குக்கு முதுகு வலிக்கவில்லை

எங்கள் கெர்மான் நகரக் கடைத்தெருவில் மிஸாக் ஃபொருத்தனைப் போலப் பிழைக்கத் தெரியாத மனிதனை நான் பார்த்ததில்லை. என் பொத்தான் கடைக்கு அடுத்தது அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. பதினெட்டு வருஷமாக இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக அவன் பாடுவதைக் கேட்டே எனக்குப் பாதித் தலை நரைத்தது. குரல் அவ்வளவு லட்சணம். ஆனால் கை சுத்தமான கை. எவ்வளவு நசுங்கிய பிரேமைக் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் புதுசாக்கித் தந்துவிடுவான்.

பாலம் கட்டப் படித்திருக்க வேண்டியவன் அவன். பதினெட்டு வயதில் நுழைவுத் தேர்வில் நல்ல இடத்தில் தேறிவிட்டான். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர் போல. "அதைக் காலியா விட்டுடு தம்பி, யாரு பார்க்கப் போறா" என்றாராம். இவன் பேனாவை வாங்கி 'பஹாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். எங்கள் நாட்டில் பஹாய் மதத்தாருக்குக் கல்லூரியில் இடம் கிடையாது, இரண்டாவது மாதமே வெளியே அனுப்பிவிட்டார்கள். இதை வேறு யாராவது சொன்னால் அழுதுகொண்டு சொல்வார்கள். இவன் சிரித்துக்கொண்டு, "ஏதோ ஒரு பாலம் என் கையிலேர்ந்து தப்பிச்சுதுண்ணே" என்பான். பிறகு மாமாவிடம் லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டான், கடை போட்டான், ஃபரங்கீஸைக் கட்டினான்.

வருஷத்தில் ஒன்பது நாள் அவன் கடையைத் திறக்க மாட்டான். அவர்களுடைய புனித நாட்கள். பதினைந்து நாள் வரை யாரிடமும் கேட்காமல் கடையை மூடலாம் என்று எங்கள் வியாபார விதியிலேயே இருக்கிறது. ஆனால் விதி எனக்கு ஒன்று, பஹாய்க்கு ஒன்று. என் மைத்துனன் கல்யாணத்துக்கு நான் ஒரு வாரம் கடையை மூடினேன், ஒரு நாய்கூட ஏனென்று கேட்கவில்லை.

"ஒரு அட்டையை மாட்டுடா" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"என்னன்னு எழுதி மாட்டுறது?"

"உடம்பு சரியில்லைன்னு எழுது."

"நல்லாத்தானே இருக்கேன்."

"ஒரு தும்மல் போடேன்டா, பாவி! அப்புறம் எழுதினா நிஜந்தானே?"

அதற்கும் சிரிப்பு. எனக்கோ பொய் என்றால் தண்ணீர் பட்ட பாடு. முப்பது வருஷமாகப் பொத்தான் விற்கிறேன், சீனத்துப் பொத்தானை இத்தாலிப் பொத்தான் என்று சொல்லாமல் ஒரு நாள்கூட விடிந்ததில்லை. இவனுக்குப் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் தொற்றவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் வினை வந்தது. அவர்கள் மதத்தைத் தோற்றுவித்த இருவரின் பிறந்தநாள்களும் முஹர்ரம் மாதத்தின் முதல் இரண்டு நாளில் வரும். ஊரே கறுப்புக் கட்டித் துக்கம் காக்கிற சமயம். அவன் வீட்டில் கொண்டாடினான், கடையை மூடினான். மூன்றாம் நாள் காலையில் கடைகளைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்காரர்கள் வந்து கதவுக்கு அரக்கு முத்திரை வைத்து மூடினார்கள், அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குற்றம் என்ன என்றால், ஆட்சிக்கு எதிரான பிரசாரமாம். இழுத்து மூடிய இரும்புக் கதவு என்னத்தைப் பிரசாரம் செய்யும்? எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த நாள்தான் தெருவுக்கே விஷயம் உறைத்தது. பழுது பார்க்கக் கொடுத்த எங்கள் கண்ணாடிகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. மொத்தம் நாற்பத்து மூன்று. மசாலாக்காரன் சீரகத்துக்குப் பதில் சோம்பை அள்ளிப் போட்டான். நான் ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை அங்கிக்கு மஞ்சள் பொத்தானைக் கட்டிக் கொடுத்து, அவள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஃபரங்கீஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீதிமன்றத்துக்குப் போனாள். புருஷனை விடுவிக்கக் கேட்டு வாரத்துக்கு ஒரு மனு. வெறுங்கையோடு போகமாட்டாள். பேரீச்சை வைத்துச் சுட்ட கொலும்பே ஒரு டப்பா, பிளாஸ்கில் தேநீர். வரிசையில் நிற்கிற கைதிகளின் தாய்மார், மனைவிமார் எல்லோருக்கும் கொடுப்பாள். ஐந்தாவது வாரத்தில் வாசல் காவலன், "அக்கா, போன தடவை ஏலக்காய் கொஞ்சம் கம்மி" என்று குறை சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மனு மட்டும் அங்குலம் நகரவில்லை. அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன். எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து சாட்சி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்போம். நான் கைவசம் இருந்த திறமையை எல்லாம் காட்டி எழுதினேன். மிஸாக்குக்குக் கடுமையான முதுகுவலி, அந்த இரண்டு நாளும் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, ஒத்தடம் கொடுத்ததே நான்தான். நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடி இல்லாததால் ஒருவரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதைப் பார்த்துவிட்டுத் துணை அரசு வழக்கறிஞர் என்னை வரச் சொன்னார். மிஸாக்கையும் கொண்டுவந்தார்கள். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்த அதிகாரி காகிதத்தை முழுக்கப் படித்தார். அவருக்கும் இந்தத் தலைவலி தீர்ந்தால் போதும் என்று இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"முதுகு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

வலிக்கிறது என்று ஒரு முனகல் போட்டிருந்தால் போதும். சாயங்காலம் வீட்டில் சாப்பிட்டிருப்பான்.

"முதுகுக்கு ஒண்ணும் இல்லீங்களே, நல்லாத்தான் இருக்கு" என்றான் மிஸாக்.

"இப்ப வலி இல்லையா, இல்ல எப்பவுமே இல்லையா?"

"எப்பவுமே இல்லீங்க. அன்னிக்கு எங்களுக்குப் பண்டிகை. அதான் மூடினேன். அண்ணனைத் தப்பா நினைக்காதீங்க, என் மேல இருக்கிற பிரியத்துல எழுதிட்டாரு."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அதிகாரி என் காகிதத்தை நாலாக மடித்து என் பக்கம் தள்ளினார். "இதோட போயிடுங்க. இல்லைன்னா உங்களுக்கும் ஒரு அறை காலியா இருக்கு" என்றார். மிஸாக்கை மறுபடி உள்ளே கூட்டிப் போனார்கள்.

நேராக ஃபரங்கீஸிடம் போய்க் கத்தினேன். "ஏம்மா தங்கச்சி, உன் புருஷனுக்கு ஒரே ஒரு நாள் முதுகு வலிக்கக் கூடாதா? நாற்பத்தோரு பேரு ஒத்தடம் கொடுத்தும் எழுந்து நிக்கிறானே!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது அப்படியே அழுகையாக மாறிவிட்டது. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருந்தா அவரு பாலம் கட்டியிருப்பாருண்ணே," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கே பொய் சொல்லாத ஆளு, வீட்டுச் சாப்பாட்டுக்காகவா சொல்வாரு? நீங்க நிஜத்தை எழுதுங்களேன்."

நிஜத்தை எழுதுவதாம்! சொல்வது சுலபம். முதுகுவலிக்குக் கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 'இவன் பஹாய் என்று தெரியும், பண்டிகைக்குத்தான் மூடினான் என்றும் தெரியும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இவனை விடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்? என் மகன் நகராட்சியில் வேலை பார்க்கிறான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி மொலூக், "எழுதிட்டாவது சாப்பிடுங்க, சோறு வீணாகுது" என்றாள். எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் கதவைத் தாழ் போட்டேன், அதை மறைப்பானேன்.

இந்தத் தடவை ஒவ்வொரு கடையிலும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முதல் கடையிலேயே மசாலாக்காரனுக்குத் திடீரென்று கிடங்கில் வேலை வந்துவிட்டது. செருப்புக்கடைக்காரர் தமக்குப் பேத்தி பிறந்த கதையை ஆரம்பித்தார். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே கதவைத் தாழ் போட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்.

கம்பளக்கடை ஹாஜி சஃப்தரிடம் போகவே எனக்கு யோசனை. பஹாய் தொட்டாலே தீட்டு என்று நினைக்கிறவர் அவர். கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி மிஸாக்கிடம் கொடுப்பார், திரும்ப வாங்கியதும் குழாயடியில் மூன்று முறை கழுவுவார். வேறு கடைக்கும் போகமாட்டார், மற்றவனெல்லாம் திருடனாம். மனுவைக் கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் ஜெபமாலையை உருட்டினார்.

"அவன் மதம் தப்பு. அதை எழுது" என்றார்.

"ஹாஜி, விடுதலை கேட்டு எழுதுற மனுவுல அதை எப்படி..."

"எழுதுடாங்கறேன். அதுக்குக் கீழ எழுது, 'ஆளு தப்பில்லை, பதினெட்டு வருஷமா எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை'ன்னு. ரெண்டையும் எழுதினாத்தான் என் கையெழுத்து."

எழுதினேன். போட்டார். முத்திரை வேறு குத்தினார். அதைப் பார்த்து இன்னும் ஏழு பேருக்குத் துணிச்சல் வந்தது. என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.

அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு, "போன தடவை நாற்பத்தோரு பேரு இருந்தாங்களே?" என்றார்.

"அவங்க முதுகுவலிக்காகப் போட்டாங்கய்யா. இவங்கதான் அவனுக்காகப் போட்டிருக்காங்க."

ஹாஜியின் வரிகளை இரண்டு முறை படித்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது, சிரிப்பென்றே வைத்துக்கொள்கிறேன். மனுவைக் கோப்பில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, பனி கொட்டுகிற ஒரு மத்தியானம், என் கடை உரிமத்தையும் ஹாஜியின் உரிமத்தையும் பிணையாக வாங்கிக்கொண்டு மிஸாக்கை விட்டார்கள். வழக்கு முடியவில்லை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். கடையின் அரக்கையும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் மட்டும் திறந்து, கண்ணாடிகளை உரியவர்களிடம் கொடுக்கவிட்டார்கள். சிறையில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தானாம். பாவம், அவர்களுக்கு ஏன் இரட்டைத் தண்டனை என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு என் கடை மூலையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு வேலை பார்த்தான். இப்போது பாட்டுக்கு நடுவில் சுவரும் இல்லை. வசந்தம் வந்தது, அவர்களுடைய ரிஸ்வான் பண்டிகையும் வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், "அண்ணே, நாளைக்கு வரமாட்டேன்" என்றான்.

"யாராவது கேட்டா யஸ்த் ஊருக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கான்னு சொல்லிடறேன்."

"உங்க இஷ்டம்ண்ணே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் பத்து மணிக்கு, கையில் கோப்போடு ஒருவர் வந்தார். அரக்கு வைக்க வந்தவர்களில் ஒருவர், எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலியாக இருந்த மேஜையைப் பார்த்தார்.

"இங்க ஒரு கண்ணாடிக்காரன் உட்காருவானே, எங்க அவன்?"

யஸ்த், சரக்கு, காய்ச்சல், மாமியார் சாவு, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. மகன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இன்னிக்கு அவங்களுக்குப் பண்டிகை" என்றேன். "அதான் வரலை. நாளைக்கு வருவான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாங்க."

கோப்பைத் திறந்து, "சொன்னவர் பேரு?" என்றார்.

நொஸ்ரத் என்றேன். அவர் அவசரத்தில் தப்பாக எழுதப் பார்த்தார். நான் பக்கத்தில் குனிந்து நின்று, எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தேன்.