அப்பாவின் காலும் குங்கிலியமும்

புன்னக்காயலில் எங்கள் அப்பாவுக்கு மீன்பிடி வள்ளங்களின் விரிசலை அடைக்கிற வேலை. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார். மரத்தில் வடிகிற அந்தப் பிசினின் வாடை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட இருக்கும். தொண்ணூறுகளில் நான் அவரோடுதான் வேலை பார்த்தேன். அக்கா பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்தாள்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு மழைக்காலத்தில் ஆணி குத்தி, உள்ளங்காலில் வந்த புண் ஆறவே இல்லை. டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதென்று தினமும் புலம்புவார். அந்த நேரம் பார்த்து அக்கா கல்லூரியில் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் குங்கிலியம் கேட்டாள். அப்பாவே நல்ல கட்டியாகப் பொறுக்கிக் கொடுத்தனுப்பினார்.

லீவுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள். "அப்பா, கிருமி வளத்த தட்டுல உங்க குங்கிலியத்தை வச்சேன். அதைச் சுத்தி வட்டமா ஒரு கிருமி இல்ல. ஆனா தட்டுலதான் பாத்திருக்கேன், புண்ணுல இல்ல. நீங்க மாத்திரையை நிறுத்திராதீங்க, என்ன?"

அப்பா தலையாட்டினார். அவர் காதில் ஏறியது முதல் பாதிதான். "எம் மவ மருந்து கண்டுபிடிச்சிருக்கா வே" என்று கடற்கரையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார்.

அக்கா விடுதிக்குத் திரும்பியதும் அவர் செய்த காரியம், வள்ளம் அடைக்கிறவருக்குத்தான் தோன்றும். புண்ணுக்குள் பஞ்சைத் திணித்து, குங்கிலிய எண்ணெயை ஆறவைத்துப் பூசி இறுக மூடிவிட்டார். மாத்திரையும் நின்றது.

"உள்ள சீழ் வச்சா எங்கனப்பா போவும்?" என்று கத்தினேன்.

"தண்ணி ஏறாம பாத்துக்கிட்டா மரம் அழுகாதுலே. பைய ஆறிரும்."

சர்க்கரையால் அந்தக் கால் ஏற்கெனவே மரத்திருந்தது. வலி இல்லாததைக் குணம் என்று நம்பினார், பாவி மனுஷர். காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்ட பிறகுதான் அந்தப் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தோம். உள்ளே கறுத்துப் போயிருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்கா வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை. எனக்கு அப்பாவின் மேல் ஆத்திரமான ஆத்திரம். சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன கேடு? கேட்டுவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அப்பா அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, நீ கண்டது சரிதான். எங் காலுதான் சரியில்ல."

பக்கத்துக் கட்டில்காரர், யார் இந்தப் பிள்ளை என்று விசாரித்தார். அப்பா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

"எம் மவ. மருந்து கண்டுபிடிச்சிருக்கா வே."

அக்கா அப்போதுதான் அழுதாள்.