நெடி வராத மிளகாய்

என் மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் திரும்பமாட்டாள். காது கேட்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துவிடலாம் என்றேன். தாம்பரத்தில் எங்கள் வீட்டில் யாரும் அதற்கு அவசரப்படவில்லை. கைவசம் இரண்டு கோட்பாடுகள் இருந்தன.

ஒன்று மாமியாருடையது: திருஷ்டி. மிளகாயையும் உப்பையும் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போடுவார். நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது. நெடி ஏறி எல்லோரும் இருமினால் திருஷ்டி கழிந்துவிட்டது. திருஷ்டியே இல்லை என்று சொல்லும் மிளகாய் இன்னும் விளையவில்லை.

இன்னொன்று கணவருடையது. ஒன்றரை வயதில் பேசிவிடுவாள் என்றார். அப்புறம் இரண்டு. இப்போது, "நானே மூணு வயசுலதான் பேசினேன்." ஆனால் மிளகாயைப் பார்த்துச் சிரிப்பார், அறிவியல் ஆர்வலர் அல்லவா. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனில் பல பிரபஞ்சங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

"இன்னொரு யூனிவர்ஸ்ல இவ வாய் ஓயாம பேசிட்டிருப்பா, தெரியுமா?" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அங்க இருக்கிற அம்மாவுக்கு என் வாழ்த்தச் சொல்லிடுங்க."

"கிண்டல் பண்ணாத. ஸ்ட்ரிங் தியரியில பல யூனிவர்ஸுக்குக் கணக்கு அழகா வருது."

நான் இயற்பியல் முதுகலை. குக்கர் பக்கத்திலேயே நின்றாலும் அது முழுக்க ஆவியாகிவிடவில்லை.

"பூமிக்கடியில அவ்ளோ பெரிய மெஷின் வச்சு அணுத்துகள மோத விட்டாங்களே, உங்க தியரி எதிர்பார்த்த சூப்பர்சிமெட்ரி துகள் ஒண்ணாவது வந்துச்சா?"

"அந்த மெஷின் பத்தல. இன்னும் பெருசா கட்டணும்."

"அதுலயும் வரலன்னா?"

"அதவிடப் பெருசா."

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "நெடியே வரல பாரு, எவ்ளோ கண்ணு பட்டிருக்கு புள்ளைக்கு."

"அத்தையும் அதையேதான் சொல்றாங்க" என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?" கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். அங்கே இயந்திரத்தைக் கட்டித் தேடினார்கள். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். எங்கள் வீட்டில் தேடவே ஆளில்லை. இதைச் சொன்னதும் அவர் தட்டைப் பார்த்தபடி, "சரி, நாளைக்கு லீவு போடறேன்" என்றார்.

குரோம்பேட்டையில் ஒரு காது மருத்துவமனை. மகளை மடியில் தூங்க வைத்தேன். தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் கோடுகள் நெளிந்தன. படித்த படிப்புக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டு காதும் நல்லா கேக்குதும்மா" என்றார் மருத்துவர். "பேச்சுப் பயிற்சி ஆரம்பிச்சிடலாம். பயப்படாதீங்க."

காது கேட்கவில்லையோ என்ற என் கோட்பாடு பொய்யென்று ஒரே பரிசோதனையில் நிரூபணமாகிவிட்டது. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். திரும்பும் வழியில் ஆட்டோ சானடோரியம் தாண்டும்வரை அழுதேன். தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏங்க, ஆஸ்பத்திரியில இருந்த அந்த மெஷின் கொஞ்சம் சின்னதா இல்ல?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பெருசா கட்டச் சொல்லட்டுமா?"