கிணற்றில் நீந்தியவள்

நைனார்பாளையத்துப் பூமாலை கோபத்தோடுதான் பஸ் ஏறினாள். மகள் தேவிப்ரியா புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில், முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மகளோ விடியலில் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலில் குதிக்கிறாளாம். இப்போது அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வேறு கூப்பிடுகிறார்களாம். ஒரு காலை பார்ப்பது, மதிய பஸ்ஸில் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு போனாள்.

கிழக்கு வெளுக்கும் முன்பே இருவரும் கரையில் நின்றார்கள்.

"இன்னாடி இது, எவன் வூட்டுக் கதவப் பேத்துக்கினு வந்த?"

"கதவு இல்லம்மா, அலைமேல ஏறிப் போற போர்டு. நீ இங்கயே நில்லு, தண்ணியில எறங்காத."

"நான் ஏன் எறங்கப்போறன்? எனக்கு இன்னா கிறுக்கா?"

தேவிப்ரியாவுக்கு நீச்சல் வந்ததற்குக் காரணம் பூமாலைதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி வயல் கிணற்றில் தள்ளிவிட்டவள் அவளே. களை பறிக்கிற கூலிக்காரி நாளெல்லாம் பிள்ளைக்குக் காவல் இருக்க முடியாது. தவறி விழுந்தால் தானே ஏறி வரட்டும் என்று நினைத்தாள். ஏறி வந்தவள் இவ்வளவு தூரம் போவாள் என்று நினைக்கவில்லை.

பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிப் போன மகளை முதல் அலை மூடியது. பூமாலைக்கு மூச்சு நின்றது. மறுபக்கம் தலை தெரிந்த பிறகுதான் வந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டி, மகள் பலகைமேல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் கருப்பு முதுகுகள் எழும்பி அமிழ்ந்தன, ஏரியில் எருமைகள் கிடப்பதுபோல.

"ஐயோ, முட்டப்போவுது!"

படகுக்காகக் கூடையோடு காத்திருந்த மீன்காரி காசியம்மாள் சிரித்தாள். "அது ஓங்கில் அக்கா, டால்பின். ஒண்ணும் பண்ணாது. ஒம் பொண்ணுக்கு அதுங்க பழக்கம்."

தேவிப்ரியா இரண்டு மூன்று அலைகளை விட்டுவிட்டு, ஒன்றைத் தேர்ந்து எழுந்தாள். முழங்கால் மடக்கி, பாதம் பதித்து, அலையின் முதுகிலிருந்து சரிந்து வந்தாள். சேற்றில் நடவு நட்டவளுக்குத்தான் அப்படி நிற்க வரும். பூமாலை தன்னையறியாமல் இரண்டடி முன்னால் போனாள்.

அப்போதுதான் ஒரு சிற்றலை அவள் காலடியில் ஒரு பாம்பைப் போட்டுவிட்டுப் போனது. மஞ்சளும் கருப்புமாகப் பட்டை பட்டையாக, மணலில் நெளியத் தெரியாமல் கிடந்தது. பூமாலை பயப்படவில்லை. கிணற்றில் இறங்குமுன் தண்ணிப் பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி வீசுவது அவர்கள் ஊர் வழக்கம். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"கைய எடு!"

அம்மாவிடம் தேவிப்ரியா அப்படிக் கத்தியதே இல்லை. அலை முடியும் முன்பே குதித்து ஓடிவந்து, பாம்புக்கும் அம்மாவுக்கும் நடுவில் பலகையைத் தடுப்பாக வைத்தாள்.

"தண்ணிப் பாம்புதானடி!"

"கெணத்துப் பாம்பு இல்லம்மா, கடல் பாம்பு, வெஷம். வாலப் பாரு, துடுப்பாட்டம் தட்டையா இருக்குது. கடிச்சா வலிகூட ஜாஸ்தி தெரியாது. அப்பறம் வாயத் தெறக்க முடியாது, மூச்சு நின்னுடும்."

தென்னை மட்டை ஒன்றை எடுத்து, பாம்பைத் தண்ணீர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"அடிச்சுப் போடேன்."

"எதுக்கு? பாவம், அலை தூக்கிப் போட்டுடுச்சு. அவ்ளோதான்."

பாம்பு தண்ணீருக்குள் போனதும் பூமாலை மணலில் உட்கார்ந்துவிட்டாள். "கடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"கைய ஆட்டாம கட்டி, ஒன்னயும் நடக்க வுடாம, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருப்பன். கடிவாயக் கீற மாட்டன், ஒறிஞ்சு எடுக்க மாட்டன்." பதில் தயங்காமல் வந்தது.

பூமாலை சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பிறகு, "நீ சொல்லிக்குடுக்கப்போற புள்ளைங்க, எந்த ஊருங்க?" என்றாள்.

"எல்லா ஊரும் வரும்."

"நம்மளாட்டம் கெணத்துல நீஞ்சுனதுங்க வந்தா, மொதல்ல பாம்பச் சொல்லிக்குடு. அப்பறம் கதவத் தூக்கு."

மதிய பஸ்ஸில் பூமாலை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மகளுக்கென்று நினைத்து வந்த பக்கத்து இருக்கையில், காசியம்மாள் கொடுத்த கருவாட்டுப் பையை வைத்துக்கொண்டாள்.