குறிப்பேட்டில் இல்லாத என் தேதி

தைப்பூசத்துக்கு மறுநாள் என் குறிப்பேட்டில் எழுதியது: "தெப்ராவ் கிளினிக். டாக்டருக்கு மரியாதை தெரியவில்லை. வேண்டாம்."

குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக மூன்று கிளினிக்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவியின் மாதவிலக்குத் தேதிகளை நான் எழுதிவைத்திருந்த அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிய தெப்ராவ் டாக்டரம்மா, "எல்லாம் அவங்க தேதிதான். நீங்க எப்ப டெஸ்ட் எடுத்தீங்க சார்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அப்படிக் கேட்காத கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஆண்டுகள் மனைவிதான் ஊசி போட்டுக்கொண்டாள். பிறகு அங்கே புதிதாக வந்த டாக்டர் என்னையும் பரிசோதித்தார். குறை என்னிடம் இருந்தது.

காரில் ஏறியதும் மனைவி சொன்னாள்: "இதையும் எழுதிக்குங்க லா. தேதி போட்டு."

எழுதினேன். அவள் ஊசி போட்டுக்கொண்ட நாள்களெல்லாம் அதில் இருக்கின்றன. தெப்ராவிலேயே என்னைப் பரிசோதித்திருந்தால் குழந்தை பிறந்திருக்குமா என்பதை மட்டும் எந்த டாக்டரும் இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை.