அம்புமுனையும் என் மீன்கத்திக் கல்லும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு பிள்ளைகள், வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் மூத்த மகளின் புருஷன். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயது, தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவத் தெரியாது. இப்போது தெரியும். அது என் வேலை.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். கத்தி தீட்டியதில் பிழை என்று மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் ஒழுங்கைச் சனம் முழுக்க மீன்கத்தியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வரும். வெள்ளவத்தைக்கு மாறியபோது கட்டிலைக்கூட அங்கே விட்டேன், தீட்டுக்கல்லை விடவில்லை. முழ நீளக் கருங்கல். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதைச் சுமந்த இரண்டு பேரும் என்னைச் சிங்களத்தில் திட்டினார்கள். எனக்கு விளங்காதென்று நினைத்துவிட்டார்கள். மேலே வந்ததும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

இந்த முறை விடுமுறைக்கு மகளும் மருமகனும் பேத்தியும் கனடாவிலிருந்து வந்தார்கள். வந்த மூன்றாம் நாளே மருமகன் பல்கனிக்கு டைல்ஸ் பதிக்க ஆள் பேசிவிட்டார். கல் இருப்பது பல்கனியில்.

"மாமி, இந்தக் கல்லை எறிஞ்சுபோடுவம். பின்னேரம் டைல்ஸ்காரர் வருகினம்."

"அப்ப நான் கத்தியை எதிலை தீட்டுறது?"

"நான் ஒரு மெஷின் தாறன். ரெண்டு இழுவை இழுத்தால் சரி. இப்ப ஆர் கல்லுப் பாவிக்கினம்?"

சொல்லிக்கொண்டே உள்ளே போய் மெஷினையும் ஒரு பெட்டியையும் எடுத்து வந்தார். பெட்டிக்குள் ஆறு அம்புமுனைகள். கனடாவில் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குப் போகிறாராம். நான் நம்பவில்லை. கரப்பான் பூச்சியைக் கண்டால் மகளைக் கூப்பிடுகிற ஆள். அங்கே தீட்ட நேரமில்லை என்று சூட்கேஸில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறார். மற்றவர்களின் மருமக்கள் சொக்லேட் கொண்டு வருவார்கள்.

ஒவ்வொரு முனையிலும் மூன்று தகடுகள், நுனியில் சேர்ந்து பின்னால் விரிந்து நின்றன. ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன்.

"தம்பி, இதாலை குத்தினால் மான் சாகாது. சிரிச்சுத்தான் சாகும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அதுதான் சுட்டுவிட்டது.

"சரி மாமி, பந்தயம். மூண்டு உங்களுக்கு, மூண்டு எனக்கு. நீங்கள் வெண்டால் கல்லு இருக்கட்டும்."

"தோத்தால்?"

"குப்பை லொறி."

நான் சேலையைச் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மீன்கத்தி இழுத்து இழுத்து கல்லின் நடு குழிந்துபோனது, ஓரம்தான் மட்டம். அந்த ஓரத்தில் மூன்று தகடுகளில் இரண்டை ஒன்றாகப் படுக்க வைத்தால் முனை சிக்கென்று உட்காரும். கோணம் பார்க்கத் தேவையில்லை, அதுவே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து இருபது இழுவை. உருட்டி அடுத்த இரண்டு தகடுகளுக்கு இருபது. இன்னும் ஒரு உருட்டு, இருபது. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பான வளையத்தில் மெதுவாக. கடைசியில் தோல் பெல்ட்டில் துடைக்க வேண்டும். என்னிடம் பெல்ட் ஏது? மருமகனுடையது கதவுக்குப் பின்னால் தொங்கியது.

கோப்பை எடுக்கக் குசினிக்குள் போனபோது மருமகன் தன் முனை ஒன்றை மெஷினில் இரண்டு தரம் இழுத்துவிட்டு, போன் அடித்ததால் ஹோலுக்குப் போயிருந்தார். முனை சிங்குக்குப் பக்கத்தில் கிடந்தது, விளிம்பெல்லாம் கன்னங்கரேலென்று. என் வீட்டுச் சிங்குக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சாமான் கிடந்ததே இல்லை. பழப்புளிக் கோதும் கம்பித் தும்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து ஒரே கூச்சல்.

"இஞ்சை ஓடி வாரும்! ரெண்டே இழுவை, மை முழுக்கப் போயிட்டுது!"

மகள் போய்ப் பார்த்து, "ஓம், வடிவாத்தான் இருக்கு" என்றாள். அவள் தோசைக்கும் அதையேதான் சொல்வாள்.

இரண்டாவது முனையையும் அவர் கறுப்பாக்கி, இரண்டு தரம் இழுத்து வைத்துவிட்டுப் போனுக்கு ஓடினார். மனுஷனுக்குத் துப்புரவு இல்லையே என்று அதையும் தேய்த்தேன். மூன்றாவதைத் தேய்க்கும்போது எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்ததென்று படுத்துக் குறட்டை விட்டார்.

பின்னேரம் டைல்ஸ்காரர் சீமெந்து வாளியோடு வந்தார்கள். "மல்லி, பொட்டக் இன்ன", தம்பி கொஞ்சம் இருங்கோ என்று சிங்களத்தில் சொல்லி வாசலிலேயே நிறுத்தினேன். மூடியில்லாத பிஸ்கட் டின்னின் வாயில் நாலு றப்பர் பாண்ட் இழுத்து மாட்டினோம். எவருடைய முனை அறுத்துக்கொண்டு இறங்குகிறதோ அவர் வென்றார்.

மருமகன் தன் முதல் முனையை அழுத்தினார். றப்பர் வளைந்தது, நீண்டது, ஒன்றுகூட அறவில்லை. விட்டதும் முனை துள்ளி அவர் மடியிலேயே விழுந்தது. வெட்டாதது அவருடைய அதிர்ஷ்டம். மற்ற இரண்டும் அப்படித்தான். நான் என்னுடையதை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. டப், டப், டப், டப். டைல்ஸ்காரரில் ஒருவர் கைதட்டினார்.

மருமகன் தலையைச் சொறிந்தார். "எனக்கு விளங்கேல்லை மாமி. விளிம்பிலை மார்க்கராலை மை பூசுறது ஏனெண்டால், தீட்டுப்பட்ட இடத்திலை மை போகும், படாத இடத்திலை நிக்கும். அதைப் பாத்துத் திரும்ப இழுக்கலாம். மூண்டிலையும் ஒரு பொட்டு மை நிக்கேல்லையே! அதுதான் விட்டனான்."

என் கையில் இன்னும் புளி மணத்தது. கையைச் சேலைக்குள் விட்டேன்.

டைல்ஸ்காரர் கல்லைக் காட்டி, இதை வெளியே எடுக்கவா என்று சிங்களத்தில் கேட்டார். நான் அப்போது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்திருந்தால் பந்தயம் செல்லாது, கல் லொறியில்.

"கல்லு இருக்கட்டும் எண்டு சொல்லுங்கோ தம்பி" என்றேன். சொன்ன சொல் தவறாத மனுஷன், சொன்னார். கல்லைச் சுற்றிச் சீமெந்து போட்டு, அதைச் சுற்றி டைல்ஸ் பதித்தார்கள். மருமகன் தன் மூன்றையும் என்னிடமே தந்து தீட்டுவித்தார். நான் தீட்டுவதைப் படம் பிடித்துத் தன் வேட்டைக் கூட்டாளிமாருக்கு அனுப்பினார். அது நல்லாய்த்தான் இருக்கிறது.

ஆனால் நேற்று மெஷின் விற்ற கடைக்கு இரண்டு பக்கம் முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தார். பாவம், அந்த மெஷின் என்ன செய்தது? இரண்டு இழுவைக்கு மேல் அதை ஒருவரும் இழுக்கவில்லையே. அதனால்தான் இதை எழுதினேன். பெல்ட்டைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை.

பேத்திப்பிள்ளை, இஞ்சை வா. நீ கனடாவிலை சனிக்கிழமை வகுப்பிலை படிச்ச தமிழும் என்ரை மூன்றாம் வகுப்புத் தமிழும் ஒரே உயரம்தான். உன்ரை அப்பா ஹோலிலை இருக்கிறார். முதல்லை பல்கனிக்குப் போய், கல்லைச் சுத்தின சீமெந்து நல்லா இறுகிட்டுதோ எண்டு காலாலை தட்டிப் பார். இறுகியிருந்தால் வந்து இதை எனக்குச் சத்தமா, ஹோலுக்கும் கேக்கிற மாதிரி வாசி.