வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்

லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, முதலில் உதறுவார். பிறகு இரண்டு நுனியையும் பிடித்து, கிழக்கு யன்னலில் விழுகிற வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். மறுபுறத்தைத் திருப்பி இன்னொரு தரம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்ப்பார். எலுமிச்சம்புளியால் எழுதிச் சூடு காட்டினால் தெரிகிற எழுத்தைப் பற்றி எங்கேயோ வாசித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் லேஞ்சிக்குச் சொந்தக்காரப் பிள்ளை சோதனை எழுத மண்டபத்துக்குள் காலடி வைக்கலாம். வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகும். கடைசி நேரப் பாடத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பொடியன்மார் நிற்பார்கள். முணுமுணுப்புக் கேட்டால் கொன்ராட் ஐயா அந்த வாயையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வார்.

ஐயா மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வருஷம் முழுவதும் பழைய கடதாசிக் கட்டுகளோடு மாரடிக்கிற மனிதர், சீனியர் சோதனை நடக்கிற கிழமை மட்டும் வாவிக்கரைப் பள்ளி மண்டபத்துக்கு மேற்பார்வையாளராக வந்து இறங்கிவிடுவார். அந்த ஒரு கிழமைக்காகத்தான் மற்றக் கிழமைகளை எல்லாம் சகித்துக்கொள்கிறாரோ என்று நமக்கே ஒரு சந்தேகம். பார்த்தீர்களா, இவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே அந்த வியாதி நமக்கும் தொற்றிக்கொள்கிறது! கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கோட்டு, கழுத்தை நெரிக்கிற கறுத்த டை. சப்பாத்தின் அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருப்பார். நடக்கிற சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதாம். எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பின்கழுத்தில் மூச்சுப் படும்போதுதான் ஐயா வந்து நிற்பது தெரியும். சிலருக்கு அந்த மூச்சிலேயே படித்ததில் பாதி பறந்துபோகும்.

சந்தையிலும் அவர் இப்படித்தான். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஊரெல்லாம் செய்கிற வேலை. ஐயா அதோடு விடமாட்டார். செவுள் நல்ல சிவப்பாக இருந்தால், "இவ்வளவு சிவப்பு எப்பிடிகா வந்த?" என்று மீன்காரி சீதேவியிடம் கேட்டு, விரலால் தேய்த்தும் பார்ப்பார்.

"நான் என்ன, குங்குமமா பூசி வெச்சிரிக்கன்? வேணுமெண்டா எடுங்க, இல்லாட்டிப் போங்க ஐயா" என்று அவள் கூடையை மூடிவிடுவாள்.

வீட்டில் புகையிலைப் பேணியின் மூடிக்குக் குறுக்கே ஒரு நரைமயிரை ஒட்டி வைப்பார், யாராவது திறந்தால் தெரியவேண்டும் என்று. அந்த வீட்டில் புகையிலை பாவிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் செபம் சொல்லும்போது எல்லாரும் இரண்டு கண்ணையும் மூட, இவருக்கு ஒன்றுதான் மூடும். ஜெர்மனிக்காரனோடு சண்டை தொடங்கியதிலிருந்து, வாவியில் இறால் பிடிக்கிறவனின் விளக்கு மறைந்து மறைந்து தெரிந்தால்கூட, யாருக்குக் காட்டுகிற சைகையோ என்று யோசித்துக்கொண்டு நிற்பார். அவருடைய மனைவி வேரா சொல்வாள்: "சந்தேகப்பட ஒண்டுமில்லாட்டி, ஏன் ஒண்டுமில்ல எண்டு அதுக்கும் ஒரு சந்தேகம் வந்திரும் இந்த மனிசனுக்கு."

மண்டபத்து வாசலில் நடக்கிற கூத்துகளைச் சொல்லி முடியாது. களுவாஞ்சிக்குடித் தங்கராசா விபூதிப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தான். ஐயா விபூதியை மரியாதையாக அவன் உள்ளங்கையில் கொட்டிக் கொடுத்துவிட்டு, சுற்றியிருந்த கடதாசியை இரண்டு பக்கமும் எழுத்து விடாமல் வாசித்தார். பஞ்சாங்கத்துத் தாள். அன்றைக்கு எந்த நேரம் ராகுகாலம் என்று அறிந்துகொண்டதுதான் மிச்சம். காத்தான்குடி மீராசாஹிபின் புயத்தில் ஒரு இசிம் தாயத்து கட்டியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ என்று ஐயாவுக்குக் குடைச்சல்.

"அவிழ் மனே, பாப்பம்."

"இது வாப்பா ஓதிக் கட்டின சேர். அவிழ்த்தாப் பலிக்காது."

"பலிச்சாத்தான்டா எனக்குக் கரச்சல்!" என்றார் ஐயா. கடைசியில் அதைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, அரைமனதோடு உள்ளே விட்டார்.

ஆனால் ஐயாவின் சந்தேகம் எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சில வருஷங்களுக்கு முன் வெல்லாவெளிப் பக்கத்துப் பொடியன் ஒருவன், வெறுங்காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தான். ஐயா குனிந்து பார்த்தார். உள்ளங்கால் நிறைய மை, அவ்வளவும் கணக்குச் சூத்திரம். பொடியன் அழுதான், காலில் விழுந்தான். "ஒரு தரம் மட்டும் விடுங்க ஐயா, அப்பா என்னக் கொன்றுபோடுவார்" என்று கதறினான். ஐயா அறிக்கை எழுதி அனுப்பினார். இனி எந்தச் சோதனைக்கும் உட்காரக் கூடாது என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. அவன் இப்போது தகப்பனோடு வட்டையில் நின்று வயல் பார்க்கிறான். சந்தையில் எதிர்ப்பட்டால் ஐயாவுக்கு வழி விட்டு ஒதுங்கிப் போவான். தான் செய்தது சரிதான் என்று ஐயா தனக்குள்ளே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டாலும் அன்றைக்கு மீனின் செவுளைப் பார்க்க மறந்துவிடுவார்.

இந்த வருஷச் சோதனைக்கு ஐயாவின் ஒரே மகள் பட்ரிசியாவும் பெயர் கொடுத்தாள். போன வருஷம் வேறு மண்டபத்தில் எழுதித் தவறியவள். படிக்காமல் இல்லை. எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று சொல்லக்கூடிய பிள்ளை, தாளைக் கண்டதும் விறைத்துப்போய்விட்டாள். தலைக்குள் ஒரு எழுத்து இல்லை. வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, வேராவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். கொழும்பு ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்புக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அதற்குச் சீனியர் பாஸ் வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது கடந்துவிடும். ஆகவே இந்தத் தரம் விட்டால் விட்டதுதான்.

மகள் எழுதுகிற மண்டபத்தில் தான் நிற்பது சரியில்லை என்று ஐயாவே கச்சேரித் துரையிடம் போய்ச் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். "உம்மட மகளுக்கு உம்மவிடக் கடுமையான ஆள நான் எங்க போய்த் தேடுற?" என்று கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

சோதனை நெருங்க நெருங்கப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. விடியக்காலையில் கிணற்றடிக்குப் போய்க் குமட்டி ஓங்காளிப்பாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. வேரா மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தாள். ஐயா கொடுத்ததெல்லாம் ஓரக்கண் பார்வைதான். ஏனென்றால் வேறு சிலதும் அவர் கண்ணில் பட்டன. வெயில் தீய்க்கிற மாதத்தில் பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள். அறைக்குள் யாரும் போனால் சட்டென்று கையை மடிக்குள் ஒளிக்கிறாள். விடிந்ததும் இடது கைக்கு மட்டும் தேங்காயெண்ணெய் பூசித் தேய்க்கிறாள். தலையணைக்குக் கீழே ஒரு ஈர்க்கு இருந்தது. ஐயா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி தேய்ந்திருந்தது. மை இல்லை. மை இல்லாததுதான் அவரை அதிகமாக உறுத்தியது.

மத்தியானச் சாப்பாட்டில் கேட்டேவிட்டார்.

"சட்டைக் கையச் சுருட்டு, பாப்பம்."

பிள்ளை சுருட்டினாள். எண்ணெய் மினுங்குகிற வெறுங்கை.

"ஏன் எண்ணெய்?"

"வாவிக் காத்துக்குத் தோல் வறளுது பப்பா."

"ஒரு கை மட்டுமா வறளுது?"

பட்ரிசியா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேராவுக்குப் பொறுக்கவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "சோதனைக்குப் போற புள்ளயக் கோர்ட்டுக் கூண்டில நிப்பாட்டின மாதிரி என்ன கேள்வி இது? தின்னட்டும், விடுங்க!"

"நான் களவு ஒண்டும் செய்யல்ல பப்பா."

"களவெண்டு நான் சொன்னனா?"

"சொல்லல்ல. பாத்தீங்க" என்றாள் பிள்ளை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

ஐயா சாப்பிட்டு முடித்தார். கையில் ஒன்றுமில்லை என்பதை அவரே கண்ணால் கண்டதுதான். அதனால் மனம் ஆறியதா என்றால் இல்லை. ஒன்றுமில்லாமல் வைத்திருக்கத் தெரிந்தவள் அப்பனைவிடக் கெட்டிக்காரி என்று அது இன்னொரு பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை நம்ப முடியாமல் ஒரு மனிதன் படுகிற பாட்டை என்னவென்று சொல்ல! சும்மா கிடந்த புகையிலைப் பேணியை எடுத்து, மயிர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

சோதனை வந்தது. பூமிசாத்திரத் தாள் அன்றைக்கு. வாசலில் மகளின் லேஞ்சியையும் மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மணந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். பெண்பிள்ளைகளின் வரிசையில், யன்னலோரமாக அவளுக்கு இடம். வெளியே வாவி அசையாமல் கிடந்தது. மண்டபத்துக்குள் பேனைகள் கீறுகிற சத்தம் மட்டும். இலங்கையின் ஆறுகளைப் பற்றிப் பெரிய கேள்வி ஒன்று வந்திருந்தது.

பட்ரிசியா இடது கைச் சட்டையை மெல்ல மேலே ஏற்றினாள். கையைப் பார்த்தாள். எழுதினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். பார்த்தாள். எழுதினாள்.

ஐயா கண்டுவிட்டார். போன வருஷம் வெள்ளைத் தாள் கொடுத்த பிள்ளை, இன்றைக்குப் பேனை நிற்காமல் எழுதுகிறாள்! அறிக்கை எழுதினால் மகளின் கதை முடிந்தது. கொழும்பும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. எழுதாமல் விட்டால், வெல்லாவெளிப் பொடியன் ஒதுங்கிப் போகிற தெருவில் இனி எப்படி நடப்பது? பின்வரிசையிலிருந்து, இசிம் கட்டிய மீராசாஹிப் தலையைத் தூக்கி ஐயாவைப் பார்த்தான். அவனும் கண்டுவிட்டான்.

ஐயா போனார். ரப்பர் அடிச் சப்பாத்து சத்தம் போடவில்லை. மகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, கையைத் திருப்பி, யன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கண்ணை நம்பாமல் தன் லேஞ்சியை எடுத்து, எச்சில் தொட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அழுத்தித் தேய்த்தார். லேஞ்சியை உயர்த்திப் பார்த்தார். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வியர்வை. வேறு ஒன்றுமில்லை.

"எங்க எழுதினாய்?" சத்தம் வராமல் கேட்டார்.

"வீட்ட, பப்பா. ஈர்க்கால கையில கீறினா வெள்ளையா எழுத்து விழும். இரவைக்கு எழுதிப் பாடமாக்கிப்போட்டு, விடிய எண்ணெய் பூசி அழிச்சித்தான் வந்த." பிள்ளை வலது விரலை இடது கையில் வைத்துக் காட்டினாள். "எழுத்து இல்ல. எது எந்த இடத்தில எண்டு மட்டும் ஞாபகம். அப்பிடிப் பாத்தாத்தான் எனக்குத் தலை விறைக்காம இருக்கும். இதில மகாவலி. இதில களனி. இதில..."

விரல் நின்றுவிட்டது. தேய்த்த இடம் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தது. பிள்ளை அந்தச் சிவப்பையே பார்த்தாள். விரல் மேலே போனது, கீழே வந்தது, எங்கேயும் தங்கவில்லை.

"பப்பா, ஒண்டும் தெரியல்ல. நீங்க துடைச்சிட்டீங்க."

 ஐயாவுக்குக் குனிந்து ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சோதனை நேரத்தில் பிள்ளையோடு யாரும் கதைக்கக் கூடாது என்று வாசலில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். மகள் வெறுங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேனை முனையில் மை காய்ந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுவதும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

லேஞ்சியை மடிக்காமல் கோட்டுப் பைக்குள் திணித்தார். மெல்ல நடந்து மண்டபத்து மூலைக்குப் போனார். அங்கே கூட்டுகிறவள் சாத்திவிட்டுப் போன விளக்குமாறு நின்றது. கஞ்சிக் கோட்டோடு அதற்கு முன்னால் குந்தி, ஒவ்வொன்றாகத் தடவி, நேரானதாக ஒரு ஈர்க்கை உருவி எடுத்தார். தூசியைத் தன் களிசானில் துடைத்தார். திரும்பி வந்து, யன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளின் மேசையில் வைத்தார்.