இடுப்புக்குள் எஃகுக் குண்டு

ஆஸ்பத்திரியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, தேனியிலிருந்து வீரபாண்டி போகும் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். வேகம் என்றால் என் வேகம். வலது காலை வீசிப் போட்டு, இடுப்பில் போட்டிருந்த கட்டுத்துணியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பது. கட்டு நனைந்துகொண்டிருந்தது.

அந்த இடுப்புக்குள் ஓர் எஃகுக் குண்டு இருந்தது. மேகமலையிலிருந்து தேயிலை மூட்டையோடு இறங்கிய லாரியிலிருந்து விழுந்து, தொடையெலும்பின் தலை நொறுங்கியபோது, அதற்குப் பதிலாக மதுரை ஆஸ்பத்திரியில் பொருத்தி அனுப்பியது. சில மாதம் நன்றாகவே நடந்தேன். பிறகு தழும்பில் சீழ் வைத்தது. எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். இரண்டு கேப்சூல் வாங்கி, ஒன்றை விழுங்கிவிட்டு, இன்னொன்றைப் பிரித்து அந்த மாவைப் புண்மேல் தூவுவேன். காய்ந்துவிடும். வேலை தேடி வேறு ஊருக்குப் போவேன். மறுபடி ஒழுகும். மறுபடி இரண்டு கேப்சூல்.

தேனியில் இடுப்பைத் திறந்து கழுவினார்கள். சீழிலிருந்த கிருமியை லேப்பில் வளர்த்து, மருந்துகளைப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று காலை டாக்டரம்மா சொன்னார்: "எந்த மருந்துக்கும் அசையலை. குண்டை எடுத்துடணும். கால் குட்டையாகும், கட்டை ஊனித்தான் நடக்கணும்."

நடப்பதைத் தவிர எனக்கு வேறு சொத்து கிடையாது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் பையை எடுத்துக்கொண்டேன்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம், சீழ் சோதிக்கிற லேப்காரர்.

"யோவ், நில்லுய்யா. ஒத்தக் கால இழுத்துக்கிட்டே இம்புட்டுத் தூரம் வந்துட்டியா?"

"குண்டத் தர மாட்டேன்."

"அத வாங்கி நான் என்ன கோலியா ஆடப்போறேன்? மதுரையில இருந்து வந்த புது மருந்த நேத்து உன் கிருமிக்குப் போட்டு வச்சேன். இப்பத்தான் பாத்தேன். அதுக்கு மட்டும் செத்துருக்குய்யா. டாக்டரம்மா உன்னையத் தேடுறாக. ஏறு பின்னால."

லேப்பில் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். உறைந்த கூழின் மேல் பாலேடு போலப் படர்ந்திருந்தவை என் கிருமிகள். சட்டைப் பொத்தான் அளவுக் காகித வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. கிருமிகள் அவற்றை மதிக்கவே இல்லை, காகிதத்தின் விளிம்புவரை ஏறி நின்றன. ஒன்றைச் சுற்றி மட்டும் நிலாவுக்கு வட்டம் கட்டினாற்போல் துடைத்துவிட்ட வெளி. இத்தனை நாள் என்னைத் தின்றவை இவைதானா என்று தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கீழ போட்றாத," என்றார் லேப்காரர்.

டாக்டரம்மா வந்தார். "எஃகுல ரத்தம் ஓடாது. கிருமி அதுல வழவழன்னு படிஞ்சுக்கிட்டா மருந்து லேசுல எட்டாது. நீங்க அரைகுறையா மருந்து போட்டதுல செத்தது போக, தாக்குப்பிடிச்சதுதான் இப்பப் பெருகி நிக்குது."

"அப்ப நாந்தான் வளத்தேனா?"

"நல்லாவே வளத்திருக்கீங்க."

ஆறு வாரம், காலையும் மாலையும் ஊசி. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அப்படியும் கேட்காவிட்டால் குண்டை எடுத்தே தீரவேண்டும் என்றார். அத்தனை நாளுக்குக் கட்டில் கிடையாது, வெளியில் தங்கி வந்து போகலாம். எந்த ஊரிலும் நான் ஆறு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இருக்கிறேன் என்றேன். அன்று மாலையே முதல் ஊசி போட்டார்கள்.

மறுநாள் காலை ஊசி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிட ஒருவன் வேண்டும் என்று அங்கே டைம் கீப்பர் சொல்லிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார்.

"நிக்க முடியுமாய்யா?"

"உக்காந்து கத்துனாலும் சத்தம் கேக்கும்ணே."

சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். சாயங்கால ஊசிக்கு விட வேண்டும் என்று பேசிக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. போகிறவர்களைப் பார்த்து, தொண்டை கிழிய, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று கூவ ஆரம்பித்தேன்.